கோல்கீப்பர் ஏன் காலை நீட்டுகிறார்?

2022 டிசம்பர் 18, கத்தாரின் லுசைல் மைதானம். கால்பந்து உலகக் கோப்பை இறுதிப் போட்டி 3-3. கூடுதல் நேரமும் முடிந்து, விசில் ஊதவேண்டியதுதான் பாக்கி. தொலைவிலிருந்து நீளமாக வந்த ஒரு பந்து அர்ஜென்டினா டிஃபெண்டர்களைத் தாண்டிக் குதித்து, பிரான்ஸின் கோலோ முவானியிடம் வந்து சேர்ந்தது. எதிரே கோல்கீப்பர் எமிலியானோ மார்ட்டினெஸ் மட்டும். அவர் டைவ் அடிக்கவில்லை. முன்னால் வந்து, கைகளை அகல விரித்து, இடது காலைப் பக்கவாட்டில் நீட்டினார். பந்து அந்தக் காலில் பட்டுத் தெறித்தது. அப்புறம் பெனால்டி ஷூட்அவுட், அர்ஜென்டினாவுக்குக் கோப்பை.

கொஞ்சம் அதிர்ஷ்டமும் உண்டுதான். ஆனால் அந்தக் கால் அங்கே போனதற்குப் பின்னால் எட்டாம் வகுப்புக் கணக்கு ஒன்று இருக்கிறது.

கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். அடிப்பவர் கோலுக்கு நேர் எதிரே 12 மீட்டர் தொலைவில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கீப்பர் கோட்டிலேயே நின்றால் 7.32 மீட்டரையும் அவர்தான் காக்க வேண்டும். இப்போது அவர் 8 மீட்டர் முன்னால் வருகிறார். அடிப்பவருக்கும் அவருக்கும் இடையே 4 மீட்டர், அதாவது மொத்தத் தொலைவில் மூன்றில் ஒரு பங்கு. அந்த இடத்தில் அவர் மறைக்க வேண்டிய அகலமும் மூன்றில் ஒரு பங்காகி, 2.44 மீட்டராகச் சுருங்கிவிடுகிறது. கைகால் விரித்த ஓர் ஆள் ஏறக்குறைய அடைத்துவிடலாம்.

உயரத்துக்கும் இதே கணக்குதான். தரையிலிருந்து கிளம்பி மேல்கம்பத்துக்குச் சற்றுக் கீழே நுழையப்போகும் பந்து, நேர்கோட்டில் போனால், கீப்பரைக் கடக்கும்போது சுமார் 81 சென்டிமீட்டர் உயரத்தில்தான் இருக்கும். இடுப்புக்கும் கீழே! கையைத் தலைக்கு மேல் தூக்கி அங்கே என்ன பிரயோஜனம்? காலும் முழங்காலும் தாழ்ந்த கைகளும்தான் வேலைக்கு ஆகும்.

சரி, கோட்டிலிருந்து வெளியே வந்துவிட்டால் போதுமா? போதாது. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் அடித்த பந்து நொடிக்கு 25 மீட்டர் பாயும். கோட்டில் நிற்பவருக்கு 0.48 நொடி கிடைக்கிறது. கண் பார்த்து, மூளை முடிவு செய்து, தசை அசையத் தொடங்கவே ஏறக்குறைய 0.2 நொடி ஆகிவிடும். மிச்ச நேரத்தில் ஒரு பாய்ச்சல் பாயலாம். 4 மீட்டர் தொலைவில் நிற்பவருக்கோ மொத்தமே 0.16 நொடி. பந்தைப் பார்த்துத் தடுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. அடிக்கும் முன்பே உடம்பைச் சுவராக்கி வைத்திருக்க வேண்டும்.

மோசமான இடம் எது தெரியுமா? நடுவில், 6 மீட்டரில் நிற்பது. அகலம் இன்னும் 3.66 மீட்டர், கைகால் விரித்தாலும் அடைபடாது. நேரம் 0.24 நொடி, தசை அசையத் தொடங்கியதுமே பந்து கடந்துவிடும். ரெண்டுங்கெட்டான் இடம். தயங்கித் தயங்கி வெளியே வரும் கீப்பர் கோல் வாங்குவதை நாம் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! நெருங்கிப் போய் அடைத்துவிடு, முடியாதென்றால் கோட்டருகே நின்று பாய்ந்து பிடி.

முன்னால் பாய்ந்து வருவது புதிதல்ல. பழைய கீப்பர்கள் தலையும் கையும் முன்னால் இருக்க, எதிராளியின் காலடியில் போய் விழுவார்கள். இங்கிலாந்தின் மான்செஸ்டர் சிட்டி கிளப்பின் கீப்பர் பெர்ட் டிரவுட்மன் 1956 எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டியில் அப்படித்தான் விழுந்தார். கழுத்தெலும்பு முறிந்த நிலையிலேயே ஆட்டத்தை முடித்தார். முறிவு தெரியவந்தது சில நாட்கள் கழித்து. காலை விரித்துச் சுவராகும் உத்தியைப் பிரபலப்படுத்தியவர்களில் முக்கியமானவர் டென்மார்க்கின் பீட்டர் ஷ்மைக்கேல். இளவயதில் ஹேண்ட்பால் ஆடியவர். அந்த ஆட்டத்தில் கீப்பருக்கு யோசிக்கவே நேரமிருக்காது. கைகால்களை நட்சத்திரம்போல் விரித்துத் துள்ளுவதுதான் அங்கே வழக்கம்.

கையின் வேலையும் மாறியிருக்கிறது. 1912 வரை கீப்பர் தன் அணியின் பாதி மைதானம் முழுவதும் பந்தைக் கையால் தொடலாம். வேல்ஸ் கீப்பர் லீ ரிச்மண்ட் ரூஸ் பந்தைத் தட்டிக்கொண்டே நடுக்கோடுவரை போய்விடுவாராம். அந்த ஆண்டு விதி மாறி, கை கோலுக்கு முன்னாலுள்ள பெனால்டி பாக்ஸுக்குள் அடங்கியது. வெறுங்கைதான் அப்போதெல்லாம். 1974 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில்கூட நெதர்லாந்தின் யான் யோங்பிளட் கையுறையில்லாமல் நின்றார். எதிர்ப்பக்கம் மேற்கு ஜெர்மனியின் செப் மையர். பெரிய பெரிய கையுறைகளைப் பிரபலமாக்கிய ஆசாமி.

கையுறை வளர வளர, பந்தும் சும்மா இருக்கவில்லை. 1970 உலகக் கோப்பையில் 32 துண்டுகளைத் தைத்துச் செய்த பந்து, 2010இல் வெறும் 8 துண்டுகளை வெப்பத்தால் ஒட்டிய ஜபுலானி ஆனது. தையல் மேடுபள்ளங்கள்தான் பந்தைச் சுற்றியுள்ள காற்றோட்டத்தை ஒழுங்காக வைத்திருப்பவை. பரப்பு வழவழப்பாகி, பந்து சுழலாமலும் வந்தால், காற்று ஒரு நேரம் இந்தப் பக்கம், மறு நேரம் அந்தப் பக்கம் பிரியும். பந்து நடுவழியில் தள்ளாடும். அப்படி வருவதைப் பிடிக்கப் போய் நழுவவிட்டால் எதிரணிக்கு விருந்துதான். அதனால் சந்தேகமான பந்தை ஓரமாகத் தட்டிவிடுவதையும் கீப்பர்கள் ஒரு தனி உத்தியாகவே பழகுகிறார்கள்.

ஆனால் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது 1992. அதற்கு இரண்டாண்டு முன்பு நடந்த இத்தாலி உலகக் கோப்பையில் ஆட்டத்துக்குச் சராசரி 2.21 கோல்தான், உலகக் கோப்பை வரலாற்றிலேயே மிகக் குறைவு. டிஃபெண்டர் பின்னால் தட்டுவார், கீப்பர் கையில் எடுத்துக்கொள்வார், திரும்ப உருட்டுவார், திரும்ப வாங்குவார். பார்க்கிறவர்களுக்குத் தூக்கம் வந்தது. சக ஆட்டக்காரர் காலால் வேண்டுமென்றே தரும் பந்தைக் கீப்பர் கையால் தொடக்கூடாது என்று விதி வந்ததும், அதுவரை காலை ஓங்கி உதைக்க மட்டுமே பயன்படுத்தியவர்கள் பதறிப்போனார்கள். அடுத்த தலைமுறை சிறுவயதிலிருந்தே பாஸ் கொடுக்கப் பழகி வந்தது. 2014 உலகக் கோப்பையில் அல்ஜீரியாவுக்கு எதிராக ஜெர்மனியின் கீப்பர் மானுவேல் நோயர், பாக்ஸை விட்டு வெளியே ஓடி ஓடி ஒரு டிஃபெண்டரைப்போலவே ஆடினார். 2016இல் மான்செஸ்டர் சிட்டிக்கு வந்த பயிற்சியாளர் குவார்டியோலா, இங்கிலாந்து அணியின் கீப்பரான ஜோ ஹார்ட்டை ஓரங்கட்டியதற்குச் சொல்லப்பட்ட காரணமும் கால் ஆட்டம்தான்.

இத்தனை உத்தியும் ஓரிடத்தில் செல்லாக்காசாகிவிடும்: பெனால்டி. அடிக்கும் நொடியில் ஒரு பாதமாவது கோட்டின்மேலோ அதற்குப் பின்னாலோ இருக்க வேண்டும் என்பது விதி. ஆக முன்னால் வந்து கோணத்தைச் சுருக்க வழியில்லை. 11 மீட்டர், ஏறக்குறைய 0.4 நொடி. ஊகித்துத் தாவ வேண்டியதுதான். இஸ்ரேல் ஆய்வாளர்கள் 286 பெனால்டிகளை எடுத்துப் பார்த்து, 2007இல் முடிவை வெளியிட்டார்கள். பந்துகளில் சுமார் 29 சதவீதம் நடுவில் வந்திருக்கிறது. கீப்பர்கள் நடுவில் நின்றதோ 6 சதவீதம்தான். தாவி விழுந்து கோல் வாங்கினால் "பாவம், முயற்சி செய்தான்" என்பார்கள், நின்றபடி வாங்கினால் மரம் மாதிரி நின்றான் என்பார்கள். எந்தக் கீப்பருக்குத்தான் மனசு வரும்?

ஆய்வாளர்களுக்கு 31 ஆண்டுகள் முன்பே இதைக் கண்டுகொண்டவர் செக்கோஸ்லோவாக்கியாவின் பனென்கா. 1976 பெல்கிரேடு, ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டியின் கடைசிப் பெனால்டி. கோலில் அதே செப் மையர். ஓடி வந்த பனென்கா பந்தை மெல்லக் கிள்ளித் தூக்கிவிட்டார். மையர் பெரிய கையுறைகளோடு இடப்பக்கம் தாவிக் கிடக்க, அவர் நின்றிருந்த இடத்தின் வழியாகவே பந்து சாவகாசமாக உள்ளே போனது.