டைக் என்றால் அணையா, கரையா?

நெதர்லாந்தில் லெக் ஆறும் நோர்ட் ஆறும் சேரும் இடத்தில் கிண்டர்டைக் என்று ஒரு சின்ன ஊர். டச்சு மொழியில் 'கிண்டர்' என்றால் குழந்தைகள், அதில் குழப்பமில்லை. 'டைக்'கைத்தான் தமிழில் பலர் 'அணை' என்று எழுதிவிடுகிறார்கள். அணை ஆற்றின் குறுக்கே நிற்பது. டைக் பெரும்பாலும் ஆற்றின் ஓரமாகவே போய், வெள்ளம் ஊருக்குள் புகாமல் காப்பது. டச்சுக்காரர்களே இரண்டையும் பிரித்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்: ஆம்ஸ்டல் ஆற்றை மறித்த இடம் ஆம்ஸ்டர்டாம், ரோட்டே ஆற்றை மறித்த இடம் ரோட்டர்டாம். அந்த 'டாம்'தான் அணை. டைக்குக்குக் 'கரை' போதும், ஏரிக்கரை என்கிறோமே, அதுபோல மண் கொட்டி உயர்த்திய கரை.

தோண்டுவதைக் குறிக்கும் பழைய வேரிலிருந்து வந்த சொல் இது. ஆங்கிலத்தில் பள்ளத்தைச் சொல்லும் 'டிட்ச்' இதற்கு உறவு. தோண்டினால் ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் மேடு, இரண்டும் ஒரே வேலையில் வருபவைதானே.

ஊர்ப் பெயருக்கு ஒரு கதையும் உண்டு. 1421 நவம்பரில் வந்த செயின்ட் எலிசபெத் வெள்ளத்தில் ஒரு தொட்டில் இந்தக் கரைக்கு மிதந்து வந்ததாம், அது கவிழாதபடி ஒரு பூனை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாவிக்கொண்டே இருந்ததாம், உள்ளே குழந்தை பத்திரமாக இருந்ததாம். அழகான கதை, ஆனால் கதைதான்.

கரை போட்டதோடு வேலை முடியவில்லை. நீரை வடித்ததும் உள்ளே இருந்த புல்கரி மண் (செடிகொடிகள் மக்கிச் சேர்ந்த மண்) சுருங்கித் தாழ்ந்துகொண்டே போனது, ஆறோ மேலே ஓடியது, வடிகால் நீர் தானாக வெளியேற வழியில்லை. அதனால்தான் காற்றாலைகள். நீரைத் தேக்கக் கால்வாய்க்கு ஏற்றி வைப்பார்கள், ஆற்றில் மட்டம் இறங்கும்போது மதகைத் திறந்து லெக்கில் விடுவார்கள். அங்கே நிற்கும் 19 காற்றாலைகளில் பெரும்பாலானவை 1740ஐ ஒட்டிக் கட்டியவை. 1868இல் நீராவி இறைப்பு நிலையம் வந்தது. ஆனாலும் இரண்டாம் உலகப் போரில் எரிபொருள் கிடைக்காதபோது பழைய காற்றாலைகளே மறுபடி கைகொடுத்தன. 1997இல் இந்தக் காற்றாலைகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன.

ஒரு விதிவிலக்கு சொல்லியாக வேண்டும். நெதர்லாந்திலேயே 1932இல் கட்டி முடிந்த அப்ஸ்லைட்டைக் கடலையே குறுக்கே அடைத்து நிற்கிறது, பெயர் மட்டும் டைக். அதை யாராவது 'அணை' என்று எழுதினால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.