‘ஆவன செய்யப்படும்’ என்றால் யார் செய்வார்கள்?

அந்த அம்மா மூன்று வருட மனுக்களையும் அவற்றுக்கு வந்த பதில்களையும் ஒரு துணிப்பையில் சேர்த்து வைத்திருந்தார். ஒவ்வொன்றாக எடுத்து என் மேசைமேல் அடுக்கினார். ‘தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது.’ ‘உரிய நடவடிக்கை எடுக்கப்படும்.’ ‘நிதிநிலைக்கேற்ப ஆவன செய்யப்படும்.’ கடைசிக் கடிதத்தை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுக் கேட்டார்: “மேடம், இதுல செய்வோம்னு எழுதியிருக்காங்களா, மாட்டோம்னு எழுதியிருக்காங்களா?”

அவர் மகனுக்கு அப்போது பத்து வயது. மூளை முடக்குவாதம். பள்ளியில் அவன் உட்காரக்கூடிய ஒரு வெஸ்டர்ன் டாய்லெட்டும் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் வேண்டும் என்பதுதான் மனு. அது இல்லாததால் அந்தப் பையன் பள்ளிக்கூடத்தில் தண்ணீரே குடிப்பதில்லை. காலையில் அம்மா நிரப்பிக் கொடுக்கும் பாட்டில் மாலையில் அப்படியே திரும்பி வரும். சிறுநீர்த் தொற்று இரண்டு முறை வந்துவிட்டது.

அவர் கேட்ட கேள்விக்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மறுவாழ்வுத் துறையில் சமூகப் பணியாளராகப் பதினான்கு வருடம் ஓட்டியிருக்கிறேன். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் அரசு வாக்குறுதிகளை வேறு விதமாகப் படிக்க ஆரம்பித்தேன். முதலில் வினைச்சொல்லைப் பார்ப்பேன். ‘செய்ய வேண்டும்’ என்று இருக்கிறதா, ‘செய்யப்படும்’ என்று இருக்கிறதா? ‘செய்யப்படும்’ என்ற சொல்லில் செய்கிறவர் இல்லை. யார் என்று தெரியாது, எப்போது என்றும் தெரியாது. நாளைக்குப் போய் எந்த மேசையில் கேட்பது? வினைச்சொல்லுக்கு அடுத்தபடியாகத் தேட வேண்டியவை: யார் பொறுப்பு, எத்தனை நாள், செய்யாவிட்டால் யாரிடம் போவது. இந்த மூன்றும் சட்டத்தில் எங்கெல்லாம் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதோ, அங்கெல்லாம் சாதாரணக் குடும்பங்கள் ஜெயித்துப் பார்த்திருக்கிறேன்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் குறித்த ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபரில் ஏற்று உறுதி செய்தது. அந்த வாக்கைச் சட்டமாக்க ஒன்பது வருடம் பிடித்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல் 19 அன்று. 1995-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன, இதில் 21. ஆட்டிசம், தசைச்சிதைவு, தலசீமியா, பார்க்கின்சன், ஆசிட் வீச்சால் பாதிக்கப்பட்டவர்கள் எல்லாரும் இதில் வருகிறார்கள். அரசு வேலையில் 4 சதவீதம், அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீதம் இடஒதுக்கீடு என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். அதைவிடக் குறைவாகத் தெரிந்த ஒரு பிரிவைச் சொல்கிறேன்.

ஓர் அரசு நிறுவனத்தில் ஓட்டுநராக இருந்தவர், விபத்தில் முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்தார். செயற்கைக் கால் பொருத்தி நடைப்பயிற்சிக்கு எங்களிடம் வந்துகொண்டிருந்தார். ஒருநாள் பயிற்சி முடிந்து பெஞ்சில் உட்கார்ந்தபடி, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்: “ஆபீஸ்ல ராஜினாமா எழுதிக் குடுக்கச் சொல்றாங்க மேடம். குடுத்தா பணம் சீக்கிரம் வரும்னு சொல்றாங்க. நாளைக்குக் குடுத்துடலாம்னு இருக்கேன்.” இரண்டு பிள்ளைகள், பெரியவள் பத்தாம் வகுப்பு. அவரிடம் யாரும் கோபமாகப் பேசவில்லை, விரட்டவும் இல்லை. அக்கறையாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் அவர் கிட்டத்தட்டக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

சட்டத்தின் 20-ஆவது பிரிவின் நான்காம் உட்பிரிவு இதற்கென்றே இருக்கிறது. பணியில் இருக்கும்போது மாற்றுத்திறனாளியாகிவிட்ட ஒருவரை எந்த அரசு நிறுவனமும் வேலையிலிருந்து நீக்கக் கூடாது, பதவி இறக்கவும் கூடாது. பழைய வேலையைச் செய்ய முடியாவிட்டால் அதே சம்பளம், அதே பலன்களோடு வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். பொருத்தமான பணியிடம் இல்லையென்றால், அது கிடைக்கும்வரை அல்லது ஓய்வு வயதுவரை, கூடுதல் பணியிடம் ஒன்றில் அவரை வைத்திருக்க வேண்டும். ‘கூடாது’, ‘வேண்டும்’. அங்கே ‘பரிசீலனை’ என்ற சொல்லுக்கே இடமில்லை.

ராஜினாமாக் கடிதத்துக்குப் பதிலாக ஒரு பக்க விண்ணப்பம் எழுதினோம். ஒவ்வோர் அரசு நிறுவனமும் ஒரு குறைதீர் அலுவலரை நியமித்திருக்க வேண்டும் என்கிறது பிரிவு 23. வேலை தொடர்பான பாகுபாட்டுப் புகாரை அவர் பதிவேட்டில் பதிய வேண்டும், இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் மாவட்டக் குழுவுக்குப் போகலாம். அந்த அலுவலகத்தில் குறைதீர் அலுவலர் யார் என்றே யாருக்கும் தெரியவில்லை. இரண்டாவது கடிதத்தில், ‘அலுவலரின் பெயரையும் என் புகாரின் பதிவு எண்ணையும் தெரிவிக்கவும்’ என்று மட்டும் கேட்டோம். அதற்கப்புறம்தான் கோப்பு நகர்ந்தது. நான்கு மாதம் ஆனது. இப்போது அதே நிறுவனத்தில் அலுவலகப் பணியில் இருக்கிறார், சம்பளம் குறையவில்லை.

இந்த நான்காம் உட்பிரிவு அரசு நிறுவனங்களுக்குத்தான். தனியாரில் இந்தப் பாதுகாப்பு இவ்வளவு கெட்டியாக இல்லை. ஆனால் ஒவ்வொரு நிறுவனமும், தனியார் உட்பட, தன் சம வாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்று பிரிவு 21 சொல்கிறது. வேலையில் சேரும்போதே அதைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

சட்டம் முழுக்க இப்படிக் கெட்டியாக இருக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். வாழ்க்கைத் தரத்துக்கான உதவித் திட்டங்களைப் பேசும் பிரிவு 24, ‘பொருளாதாரத் திறன் மற்றும் வளர்ச்சியின் வரம்புக்குள்’ என்று தொடங்குகிறது. மறுவாழ்வு பற்றிய பிரிவிலும் இதே சாயல் உண்டு. பணம் இருந்தால் செய்வோம் என்பதுதான் அதன் அர்த்தம். படிக்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. மறுவாழ்வுச் சிகிச்சை தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் ஒரு குழந்தையின் தசை இறுகுவதைக் கண்ணால் பார்க்கிறவள் நான். அந்த மாதத்தைப் பிறகு எந்த நிதிநிலை அறிக்கையாலும் திருப்பித் தர முடியாது.

ஆனால் அதே பிரிவு 24-இல் அடுத்த வாக்கியத்தையும் படியுங்கள். பிறருக்கு இருக்கும் இதே போன்ற திட்டத்தைவிட மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகை குறைந்தது 25 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும். இது எண். எண்ணுக்கு ‘முடிந்தவரை’ கிடையாது. எல்லாருக்கும் பொதுவாக ஓர் உதவித் திட்டம் அறிவிக்கப்படும்போது, ‘மாற்றுத்திறனாளிகளுக்கு இதில் எவ்வளவு?’ என்று அடுத்த நாளே எழுத்தில் கேட்க இந்த ஒரு வரி போதும். சங்கங்கள் இதை இன்னும் உரக்கக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

வினைச்சொல் பார்ப்பது ஒரு சமூகப் பணியாளரின் பிடிவாதம் என்று நினைத்துவிட வேண்டாம். 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் ராஜீவ் ரதூரி வழக்கில் சொன்னதும் இதைச் சுற்றித்தான். கட்டடம், போக்குவரத்து, தகவல்தொடர்பு எல்லாவற்றையும் மாற்றுத்திறனாளிகள் தடையின்றிப் பயன்படுத்துவதற்கான அணுகல் தரநிலைகளை விதிகளாக வகுக்க வேண்டும் என்று சட்டத்தின் பிரிவு 40 சொல்கிறது. மத்திய அரசின் விதி 15-ஓ, ‘செய்யலாம்’, ‘செய்தால் நல்லது’ என்ற தொனியில் எழுதப்பட்ட வழிகாட்டுதல்களைக் கைகாட்டிவிட்டு நின்றது. சட்டம் கட்டாயம் என்று சொன்னதை விதி வெறும் பரிந்துரையாக மாற்ற முடியாது என்று நீதிமன்றம் அந்த விதியை ஏற்க மறுத்தது. எவையெல்லாம் விட்டுக்கொடுக்க முடியாத குறைந்தபட்சத் தேவைகளோ அவற்றைப் பிரித்தெடுத்து, மூன்று மாதத்துக்குள் கட்டாய விதிகளாக வகுக்கச் சொன்னது. ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களை, விதிகள் வந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் சரிசெய்ய வேண்டும் என்பது இதே சட்டத்தின் பிரிவு 45. விதிகள் வந்தது 2017 ஜூனில். ஐந்தைக் கூட்டிப் பாருங்கள். அதற்கப்புறம் உங்கள் ஊர் ரேஷன் கடையின் படிக்கட்டையும் பாருங்கள்.

இன்னொரு தப்பெண்ணத்தைத் திருத்தியாக வேண்டும், ஏனென்றால் வாரம் ஒருவராவது இதனால் அழுதுகொண்டு வருகிறார்கள். மருத்துவச் சான்றில் 40 சதவீதத்துக்குக் கீழே போட்டுவிட்டால் சட்டத்தில் தங்களுக்கு எதுவுமே இல்லை என்று நினைக்கிறார்கள். இடஒதுக்கீட்டுக்கும் சில குறிப்பிட்ட பலன்களுக்கும்தான் 40 சதவீதம் தேவை. பாகுபாடு காட்டக் கூடாது என்பதும், ஒருவர் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்கத் தேவையான நியாயமான மாற்றங்களைச் செய்து தர வேண்டும் என்பதும் எல்லா மாற்றுத்திறனாளிகளுக்கும் பொது. எழுதும்போது கைத் தசை இறுகிப் பிடித்துக்கொள்வதால் எழுத முடியாத விகாஷ் குமார் என்ற தேர்வர், யுபிஎஸ்சி தேர்வில் தனக்காக எழுத ஒருவர் வேண்டும் என்று வழக்குத் தொடுத்தபோது, 40 சதவீதம் இல்லை என்பதற்காக அதை மறுக்க முடியாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சான்றிதழில் 30 என்று போட்டிருந்தாலும் கேளுங்கள். சதவீதமே தவறு என்று தோன்றினால் மேல்முறையீடு செய்யவும் பிரிவு 59-இல் வழி இருக்கிறது.

சரி, இதெல்லாம் நாம் அவர்களுக்காகப் பேசுவது. அவர்களே பேசுவது வேறு. அதை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன்.

அறிவுசார் குறைபாடுள்ள 24 வயதுப் பெண்ணை அவள் பெற்றோர் அழைத்து வந்தார்கள். மெழுகுவத்தி செய்யும் ஒரு பயிற்சிக் கூடத்தில் வேலை பார்த்துக் கொஞ்சம் சம்பாதிக்கிறாள். அவள் சார்பில் முடிவெடுக்க ஒருவர் இருக்கிறார் என்பதற்கான காப்பாளர் சான்றை வங்கியில் கேட்கிறார்கள் என்று வந்திருந்தார்கள். காப்பாளர் நியமனத்துக்கான தேசிய அறக்கட்டளைச் சட்டம், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு, விண்ணப்பம் என்று நான் அரைமணி நேரம் பெற்றோரிடம் விளக்கினேன். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். எழுந்து போகும்போதுதான் உறைத்தது, அவளிடம் நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. உட்காரச் சொல்லிக் கேட்டேன். ரொம்ப நேரம் கழித்துச் சொன்னாள்: “என் புக்கு என்கிட்ட இருக்கணும்.” பாஸ்புக். அவ்வளவுதான் அவள் கோரிக்கை.

மாற்றுத்திறனாளிகள் மற்றவர்களைப் போலவே சொத்து வைத்திருக்கவும், தங்கள் பணத்தைத் தாங்களே நிர்வகிக்கவும் உரிமை உள்ளவர்கள் என்கிறது பிரிவு 13. பிரிவு 14 பேசும் வரையறுக்கப்பட்ட காப்பாளர் முறையில் முடிவுகள் சேர்ந்து எடுக்கப்பட வேண்டும். குறிப்பிட்ட விஷயத்துக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும். அவள் அப்பாவுக்கு இது முதலில் பிடிக்கவில்லை. “நாங்க என்ன அவ காசையா எடுத்துக்கப் போறோம்?” என்றார். இல்லை என்று எனக்கும் தெரியும். நல்ல மனிதர். ஆனால் பாஸ்புக்கைத் தன் பையில் வைத்துக்கொண்டு நடப்பதில் அவளுக்கு ஏதோ இருந்தது. இரண்டு மூன்று முறை பேசிய பிறகு, புக் அவளிடம், பணம் எடுக்க அம்மாவும் கூட வருவது என்று வீட்டிலேயே முடிவு செய்தார்கள். ஒவ்வொரு மாதமும் வரிசையில் நின்று பதிவு போட்டுக்கொள்கிறாளாம்.

தமிழ்நாட்டில் உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் மசோதாக்கள் நிறைவேறியபோது எனக்கு அவள் ஞாபகம்தான் வந்தது. தெருவிளக்கும் சாக்கடையும் பேசப்படும் அறையில், அந்தச் சாக்கடைமேல் சக்கர நாற்காலியைத் தாண்ட வைக்கிறவரே உட்கார்ந்திருப்பார். உங்கள் ஊர் கிராம சபையில் அவரைப் பேச விடுங்கள். அவர் சொல்வதைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுதாத தீர்மானத்துக்கு மறு கூட்டத்தில் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

துணிப்பை அம்மாவின் கதைக்கு வருகிறேன். பள்ளிகள் பற்றிய பிரிவு 16, ‘முயல வேண்டும்’ என்றுதான் ஆரம்பிக்கிறது. ஆனால் அதற்குக் கீழே கட்டடத்தையும் வசதிகளையும் அணுகக்கூடியதாக்க வேண்டும் என்பது தனி வரியாக, முயற்சி என்ற சொல் இல்லாமல் நிற்கிறது. அந்த வரியைக் காட்டி அவரே தன் கையால் புது மனு எழுதினார். பொறுப்பு யாருடையது, எந்தத் தேதிக்குள் முடியும், முடியாது என்றால் காரணம் என்ன என்று மூன்று கேள்வி. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொண்டார். ஒரு நகலை மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார். ஆணையர் ஒரு பரிந்துரை செய்தால் அதை ஏற்கிறார்களா இல்லையா என்று மூன்று மாதத்துக்குள் காரணத்தோடு சொல்லியாக வேண்டும் என்று பிரிவு 81 இருக்கிறது. அந்த அளவுக்குப் போகவில்லை. ஏழாவது வாரம் ஒரு கொத்தனாரும் பிளம்பரும் பள்ளிக்கு வந்தார்கள்.

கம்பியை முதலில் தப்பான உயரத்தில் போட்டுவிட்டார்கள். பையனையே கூட்டிப்போய் உட்கார வைத்து, அவன் கை எட்டும் இடத்தைச் சாக்பீஸால் குறித்து மறுபடி மாட்ட வேண்டியிருந்தது. போன வாரம் அந்த அம்மா சிகிச்சைக்கு வந்தபோது பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் கவிழ்த்துக் காட்டினார். “காலியா வருது மேடம்.”