செவிலியப் படிப்பில் பணம் கட்டும் முன் கேட்க வேண்டியது

தருமபுரி மாவட்டத்தில் செவிலியர்களுக்குப் பணியிடைப் பயிற்சி அளித்துவரும் எனக்கு, பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் கேட்ட கேள்வி இன்றும் மனத்தை உறுத்துகிறது. தனியார் மருத்துவமனை ஒன்றில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்த அவர், வயிற்றுப்போக்கால் வற்றிப்போன குழந்தைக்கும் தடுமாறாமல் நரம்பைக் கண்டுபிடித்து ஊசி போட்டுவிடுவார். ஆனால் அவரிடம் இருந்தது ஓராண்டுப் பயிற்சிக்கான சான்றிதழ் மட்டுமே. அதைக் கொண்டு தமிழ்நாடு செவிலியர் குழுமத்தில் பதிவு செய்ய முடியாது என்பதை, சேர்ந்தபோது யாரும் அவருக்குச் சொல்லவில்லை. "அக்கா, இந்த ஆறு வருஷமும் எங்கேயும் கணக்குல வராதா?" என்று கேட்டார். வராது என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

நம் ஊர்ப் பெற்றோர் பலர் கல்லூரியின் கட்டடத்தையும் கட்டணத்தையும் விசாரிக்கிறார்களே தவிர, அந்தப் படிப்பை முடித்தபின் அடுத்து எங்கே போக முடியும் என்று விசாரிப்பதில்லை. அங்கீகாரம் பெற்ற பள்ளியில் இரண்டாண்டு ஏ.என்.எம். (துணைச் செவிலியர்–மகப்பேறு உதவியாளர்) படிப்பை முடித்துப் பதிவு செய்தவர் மூன்றாண்டு ஜி.என்.எம். (பொதுச் செவிலியம், மகப்பேறு செவிலியம்) பட்டயப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம்; ஜி.என்.எம். முடித்துப் பதிவு பெற்றவர் பட்டயப் படிப்பு முடித்தவர்களுக்கான இரண்டாண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்துப் பட்டதாரி ஆகலாம், அதன்பின் எம்.எஸ்சி. படித்துப் பயிற்றுநராகவோ, தீவிர சிகிச்சைப் பிரிவில் தனித்திறன் பெற்ற செவிலியராகவோ உயரலாம். இவை அனைத்துக்கும் அடிப்படை குழுமப் பதிவுதான். கிருஷ்ணகிரி, ஓசூர் பகுதிகளிலிருந்து பெங்களூரு மருத்துவமனைகளுக்கு வேலைக்குச் செல்வோருக்கும் இது பொருந்தும். இங்கே பதிவு இருந்தால்தான் கர்நாடகக் குழுமத்திலும் பதிவு கேட்க முடியும். ஓராண்டு உதவியாளர் பயிற்சிகள் அனைத்தும் பயனற்றவை என்று நான் சொல்லவில்லை. உதவியாளர் வேலைக்கு அவை உதவும். அவற்றையே 'நர்சிங் படிப்பு' என்று சொல்லிச் சேர்ப்பதுதான் தவறு.

மருத்துவமனை நடத்துவோருக்கும் இதில் கடமை உண்டு. இதயத் துடிப்பு நின்றுபோன பெரியவரின் மார்பை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குறையாமல் அழுத்த வேண்டும் என்பதை எல்லாச் செவிலியரும் படித்திருக்கிறார்கள். ஆனால் ஒருமுறை கற்றுவிட்டு ஓராண்டு தொடாமல் இருந்தவர்களைப் பயிற்சிப் பொம்மையில் செய்யச் சொன்னால், பெரும்பாலோரின் கை பாதி ஆழத்திலேயே நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். நைட் டூட்டி முடித்து, கண் செருகும் நிலையில் இருப்பவரைக் காலை வகுப்பில் உட்காரவைப்பது பயிற்சி ஆகாது. வகுப்பு நேரத்தையும் பணி நேரமாகவே கணக்கிட்டு, என்னென்ன கற்றார் என்பதை எழுத்தில் கொடுத்தால், வேறிடம் செல்லும்போதும் அது அவருக்குக் கைகொடுக்கும்.

உள்ளூர்ப் பெண்களால் முடியுமா என்று கேட்பவர்களுக்கு நான் சுட்டிக்காட்டுவது அரூர்ப் பக்கத்துச் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு இடையில் உள்ள சிட்லிங்கியை. மருத்துவத் தம்பதியரான ரெஜியும் லலிதாவும் 1993இல் அங்கே ஒரு குடிசையில் சிகிச்சையைத் தொடங்கி, மலைக் கிராமப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். அந்தப் பெண்கள் நோயாளியின் பேச்சையும் வீட்டுச் சூழலையும் அறிந்தவர்கள். வெளியூரிலிருந்து வருபவர் அதை எட்ட நெடுங்காலம் பிடிக்கும்.

கிருஷ்ணகிரி மாவட்டச் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற தமிழ்நாடு அரசின் திட்டம் தொடங்கப்பட்டது. அதில் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் தன்னார்வலர்கள், மகளிர் குழுக்களிலிருந்து வந்த நம் பக்கத்து வீட்டுப் பெண்கள். அவர்களில் பிளஸ் டூ முடித்து, வயது வரம்புக்குள் இருப்பவர்களிடம் ஏ.என்.எம். சேர்க்கை விவரத்தை ஒவ்வோர் ஆண்டும் விண்ணப்பத் தேதிக்கு முன்பே கிராம சுகாதார செவிலியரும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரும் எடுத்துச் சொல்ல வேண்டும். படிக்கும் இரண்டாண்டுகளில் வருமானம் நின்றுபோவதால் குடும்பம் தயங்கும் என்பதால், மாமியாரையும் கணவரையும் உடன் உட்காரவைத்துச் சொல்வது நல்லது.