கழுத்துத் துளைக்கு ஒரு மூக்கு

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அப்பாவுக்குத் தொண்டைப் புற்றுநோய். பெங்களூரில் குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டார்கள். காயம் ஆறி வீட்டுக்கு வந்த பிறகும் கழுத்துத் துளையில் ஓயாத இருமல், கெட்டிச் சளி, சில காலைகளில் ரத்தக் கீற்று. "சளி கூடும் என்று தண்ணீர், மோர், இளநீர் எல்லாவற்றையும் குறைத்துவிட்டோம். சரிதானே?"

சரியில்லை. ரத்தம் வருவதை டாக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள். ஆனால் தண்ணீரை இன்றே திரும்பக் கொடுங்கள். இதயம், சிறுநீரகப் பிரச்சினைக்காக டாக்டர் அளவு சொல்லியிருந்தால் மட்டும் அந்த அளவோடு நிறுத்துங்கள்.

புற்றுநோய்க்காகக் குரல்வளையை முழுதாக எடுக்கும் அறுவையை 1873-இல் வியன்னாவில் பில்ரோத் என்ற அறுவை மருத்துவர் முதலில் செய்தார். இன்று செய்யும் முறையில் மூச்சுக்குழலின் மேல்முனையைக் கழுத்துத் தோலோடு சேர்த்துத் தைத்துவிடுவார்கள். அப்புறம் வாய் சாப்பாட்டுக்கு மட்டும், மூச்சுக்குக் கழுத்து.

முதல் இரண்டு வாரங்களில் டாக்டர்கள் அதிகம் பயப்படுவது எச்சில் கசிவுக்கு. தொண்டைக்குள் போட்ட தையல் விட்டு, கழுத்துத் தோல் வழியாக எச்சில் வரும். ஏற்கெனவே கதிர்வீச்சு எடுத்தவர்களுக்கும் சத்துக் குறைந்து மெலிந்தவர்களுக்கும் இது அதிகம். வாய்வழி உணவை நிறுத்தி, மூக்கு டியூபில் கஞ்சி கொடுத்து, கழுத்தில் அழுத்திக் கட்டுப் போட்டால் பலருக்குத் தானே மூடிக்கொள்ளும். மூடாவிட்டால் மார்புத் தசையை மேலே திருப்பி வைத்துத் தைப்பார்கள். பின்னாளில் தைராய்டும் குறையலாம். காரணமில்லாத அசதி, உடல் ஊதல் இருந்தால் ரத்தப் பரிசோதனை கேட்டு வாங்குங்கள்.

வாசகரின் அப்பாவுக்கு வந்திருப்பது வேறு. அவருடைய நுரையீரல் மூக்கை இழந்துவிட்டது.

மூக்கு செய்கிற வேலையை நாம் நினைத்துப் பார்ப்பதே இல்லை. 22 டிகிரியில் பாதி ஈரப்பதம் உள்ள அறைக் காற்றில் லிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் நீராவிதான் இருக்கும். அதே காற்று நுரையீரலின் ஆழத்துக்குப் போகும்போது 37 டிகிரிச் சூட்டில், 44 மில்லிகிராம் ஈரத்தோடு இருக்க வேண்டும். மீதி 34 மில்லிகிராமை ஒவ்வொரு லிட்டருக்கும் யாராவது தந்தாக வேண்டும். பெரும்பகுதியைத் தருவது மூக்கு. உள்ளே சுருண்டிருக்கும் சுவர்களின் ஈரம் ஆவியாகிக் காற்றில் சேர்கிறது. ஆவியாகும்போது சுவர் குளிர்கிறது. அடுத்த நொடி நுரையீரலிலிருந்து சூடான, ஈரமான காற்று வெளியே வருகிறது. குளிர்ந்த சுவரில் பட்டதும் அதன் ஈரத்தில் ஒரு பங்கு நீராகப் படிந்து அங்கேயே தங்கிவிடுகிறது. அந்த நீரே அடுத்த மூச்சுக்கு ஆவியாகிறது. கொடுத்ததில் ஒரு பங்கைத் திரும்ப வாங்கி, மறுபடியும் கொடுக்கும் இந்த ஏற்பாடு எனக்கு எப்போது படித்தாலும் வியப்பாகவே இருக்கிறது.

இந்த ஈரம் எதற்கு? மூச்சுக்குழலின் உட்புறம் முழுக்க நுண்ணிய இழைகள் இருக்கின்றன. காற்றில் நெற்கதிர்கள் அலையலையாகச் சாய்வது போல, நொடிக்குப் பத்து முறைக்கும் மேல் அசைந்து சளியை மேலே தள்ளுகின்றன. அவை அசைய ஒரு மெல்லிய நீர்ப்படலம் வேண்டும். வறண்ட காற்று நேராகத் துளைக்குள் போனால் படலம் வற்றும், இழைகள் தளரும், சளி காய்ந்து பொருக்காகும். பொருக்கு உரியும்போது ரத்தக் கீற்று வரலாம். பெரிய பொருக்கு குழலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் அறுக்கும் தூசியும், ஓசூரின் மார்கழிக் குளிரும், தருமபுரியின் சித்திரை வெயிலும் இவர்களுக்குக் கூடுதல் பகை.

இதற்கு ஒரு சின்ன மருந்தில்லா மருந்து உண்டு: ஹெச்.எம்.இ. என்னும் மூடி. துளையின் மேல் பொருத்தும் இதற்குள் ஈரத்தைப் பிடிக்கும் உப்பு ஊறிய பஞ்சு இருக்கிறது. வெளிமூச்சின் ஈரத்தையும் சூட்டையும் பிடித்து வைத்து, உள்மூச்சுக்குத் திருப்பித் தருகிறது. மூக்கின் அதே கணக்கு, கொஞ்சம் குறைந்த அளவில். முதல் நாட்களில் சளி இளகி அதிகமாகத் தோன்றும், பயந்து கழற்றிவிடாதீர்கள். கழுவித் திரும்பப் போடவும் கூடாது, உப்பு கரைந்து போய்விடும். தினமும் புதிது மாற்ற வேண்டும்.

தினமும் என்பதுதான் ஏழைக் குடும்பத்தை உதைக்கிறது. குரல் இழந்தவர்கள் பேசுவதற்கான கருவியை 50 ரூபாய்க்குத் தர முடியும் என்று பெங்களூருவில் டாக்டர் விஷால் ராவ் செய்து காட்டினார். இந்தப் பஞ்சு மூடிக்கும் அதே முயற்சி வேண்டும். பெரிய கருவிகளுக்குப் போகும் ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு துளி இங்கே வந்தால் போதும் என்பது என் உறுதியான எண்ணம். மூடி கிடைக்காத வீட்டில் துளையின் முன் ஈரத் துணித் திரை, டாக்டர் சொன்ன அளவில் உப்புநீர்த் துளிகள், நெபுலைசர், நிறையத் தண்ணீர் ஆகியவை உதவும்.

இன்னொன்று. மந்திரிப்பவர்கள் கழுத்துக்கு நேராகத் திருநீறு ஊதுவார்கள். நம்பிக்கை எதுவானாலும் இதை அனுமதிக்காதீர்கள். வடிகட்ட மூக்கு இல்லாததால் அந்தச் சாம்பல் நேராக நுரையீரலுக்குப் போகும். ஒகேனக்கல் அருவிக் குளியலும் இனி வேண்டாம், துளையில் நீர் புகுந்தால் மூழ்குவதற்குச் சமம்.

மூச்சு திணறினால் 108-ஐ அழைத்ததும் முதலில் சொல்ல வேண்டியது: இவர் கழுத்தால் மூச்சு விடுகிறவர், ஆக்சிஜன் மாஸ்க்கை முகத்தில் வைக்காதீர்கள், துளையில் வையுங்கள். இதை ஒரு அட்டையில் எழுதி அப்பாவின் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள். அவரால் வாய்விட்டுச் சொல்ல முடியாது.