வாட்ஸ்அப்பில் கருத்துச் சொன்னதற்கு மெமோ வந்தால்: அரசு ஊழியர் கவனத்துக்கு

அலுவலக வாட்ஸ்அப் குழுவில் மேலதிகாரியின் உத்தரவைக் குறைசொல்லி இரண்டு வரி போட்டிருப்பீர்கள். சில நாளில் விளக்கம் கேட்டு மெமோ வரும். கண்காணிப்பாளர் நயமாகச் சொல்வார்: "ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுங்க, ஐயாகிட்ட பேசி முடிச்சிடலாம்." எழுதாதீர்கள். பிறகு அந்தக் கடிதத்தையே ஒப்புதல் வாக்குமூலமாகக் காட்டித் தண்டனை கொடுப்பார்கள். இப்படி ஏமாந்தவர்களைப் பார்த்து நொந்துபோய்த்தான் இதை எழுதுகிறேன்.

அரசு வேலையில் சேர்ந்ததால் பேச்சுரிமை அடியோடு போய்விடாது என்று உச்ச நீதிமன்றம் 1962லேயே சொல்லிவிட்டது. குழுவில் நிர்வாகத்தைச் சாடிய கிராம வங்கி ஊழியர் ஒருவர் மீதான குற்றச்சாட்டு மெமோவை 2023இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ரத்து செய்தது. ஆனால் தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கான 1973ஆம் ஆண்டு நடத்தை விதிகள் இன்னும் இருக்கின்றன. அரசை வெளிப்படையாக விமர்சித்தால் அவற்றைத்தான் எடுப்பார்கள்.

முதலில் மெமோ, ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 17(ஏ)வின் கீழ் வந்ததா, 17(பி)யின் கீழ் வந்ததா என்று பாருங்கள். ஏ என்றால் சிறு தண்டனை, பெரும்பாலும் எழுத்து விளக்கத்தோடு முடியும். பி என்றால் வேலையே போகலாம். நிலுவையில் இருக்கும்வரை பதவி உயர்வும் நிற்கும்.

பலர் சறுக்குவது இங்கேதான்: வாய்மொழி விசாரணை வேண்டுமா என்று 17(பி)யில் கேட்டிருப்பார்கள். "வேண்டும்" என்று தெளிவாக எழுதுங்கள். பதறிப்போய் அதை விட்டுவிட்டால், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்பைக் கைநழுவ விடுகிறீர்கள். ஸ்கிரீன்ஷாட்டை இணைக்காமலே குற்றம் சாட்டுவதும் உண்டு. நகல் கேட்டு, கெடு முடியும் முன்பே எழுதிக் கொடுங்கள். "செக்‌ஷன்ல ஆள் இல்ல, நாளைக்கு வாங்க" என்று அலையவிட்டால் அங்கே நிற்க வேண்டாம். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் தபால் பிரிவு முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள்.

தற்காலிகப் பணிநீக்கம் (சஸ்பென்ஷன்) என்றால், அந்தக் காலத்துக்குச் சம்பளத்தில் ஒரு பகுதியான பிழைப்பூதியம் உண்டு. வேறு வேலை பார்க்கவில்லை என்ற சான்றைக் கொடுக்காவிட்டால் அதுவும் வராது; இதை யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள்.

அவுட்சோர்சிங்கில் இருப்பவர்களுக்கு இந்த 17(பி) நடைமுறை கிடையாது. "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று வாயால் சொல்லியே அனுப்பிவிடுவார்கள். அப்படிச் சொன்னால் அன்றே அந்தத் தேதியைக் குறிப்பிட்டு, ஏஜென்சிக்கும் அலுவலகத்துக்கும் கடிதம் அனுப்பிவிடுங்கள். இல்லையென்றால் நீங்களாகவே நின்றுவிட்டதாகப் பதிவு செய்வார்கள்.