விசாரிப்பவர் சீருடையில் வரும்போது

அமெரிக்க எழுத்தாளர் டோரதி ஆலிசனின் 'பாஸ்டர்ட் அவுட் ஆஃப் கரோலினா' (1992) நாவலின் இறுதிப் பகுதியில், தாயின் கணவனால் கொடூரமாகத் தாக்கப்பட்டு மருத்துவமனையில் கிடக்கும் 'போன்' (Bone) என்று அழைக்கப்படும் சிறுமியிடம், அப்பகுதிக் காவல் தலைவரான ஷெரீஃப் வந்து விசாரிக்கிறார். அவர் மிரட்டவில்லை, ஆனாலும் அவள் வாய் திறப்பதில்லை. தன்னைச் சிதைத்தவனே சீருடை அணிந்து வந்து நிற்பதாக அவளுக்குத் தோன்றுகிறது. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களோடு பணியாற்றும் உளவள ஆலோசகரான நானும், "கனிவாகக் கேட்டும் குழந்தை பேச மறுக்கிறது" என்று கோப்பில் எழுதிய நாள்கள் உண்டு. கேட்டவர் யார், அவரைப் போன்றவர்கள் அந்தக் குடும்பத்தை அதுவரை எப்படி நடத்தியிருந்தார்கள் என்பதை அப்போது நான் எழுதவில்லை.

அந்த முன்கதையை ஆலிசன் ஒரு தாளில் காட்டிவிடுகிறார். போனின் பிறப்புச் சான்றிதழின் அடியில், முறைதவறிப் பிறந்தவள் என்பதைக் குறிக்கும் சொல் பெரிய சிவப்பு எழுத்துகளில் இருக்கிறது. அதை நீக்கித் தருமாறு தாய் ஆனி நீதிமன்ற அலுவலகத்துக்கு மீண்டும் மீண்டும் நடக்கிறாள்; ஒவ்வொரு முறையும் அதே சொல்லோடுதான் புதிய தாளும் வருகிறது. அரசு அலுவலகம் என்றால் இதுதான் என்று அறிந்த வீட்டில் வளரும் குழந்தை, வன்முறையைப் பற்றி அதே அரசிடம் எப்படி முறையிடும்?

ஆலிசன் 1949இல் தென் கரோலினாவின் கிரீன்வில் நகரில், மணமாகாத 15 வயதுப் பெண்ணுக்குப் பிறந்தவர். தாய் உணவகங்களில் பரிமாறும் வேலை பார்த்தார்; அவர் மணந்துகொண்ட ஆள், ஆலிசனின் 5 வயதிலிருந்து அவரைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கினான். ஏழைகளில் இரக்கத்துக்கு உரியவர்கள் என்று ஒரு பிரிவை உலகம் வைத்திருக்கிறது என்றும், குடியும் வேலையின்மையும் மணத்துக்கு முந்தைய கர்ப்பமும் நிறைந்த தன் குடும்பம் அதில் சேராது என்றும் தன் கட்டுரையில் எழுதினார். அக்குடும்பங்களைக் குறிக்கும் 'குப்பை' என்ற வசைச்சொல்லையே 1988இல் வெளிவந்த சிறுகதைத் தொகுப்புக்குத் தலைப்பாக்கினார். பெண்ணியக் கூட்டு இல்லத்தில் வெளிப்படையான லெஸ்பியனாக வாழ முடிந்த அவருக்கு, அங்கே தன் குடும்பத்தைப் பற்றிப் பேசுவது எளிதாக இருக்கவில்லை என்பது என்னை நீண்ட நேரம் யோசிக்க வைத்தது.

பெண்ணைப் பெண் நேசிப்பது சிறுவயதுக் கொடுமையின் விளைவு என்ற எண்ணம் என் துறையிலும் முழுதாக மறைந்துவிடவில்லை, அதற்கு ஆதாரமில்லை. அந்த எண்ணம் செய்யும் கேட்டை ஆலிசன் தன் தன்வரலாற்று நூலில் சுட்டுகிறார்: தன்னைச் சிதைத்தவனைப் பற்றியும், தான் அமைத்துக்கொண்ட காதல் வாழ்வைப் பற்றியும் ஒரே மூச்சில் பேசத் தனக்கு அனுமதியில்லை என்கிறார். பாதிக்கப்பட்டவர் ஒன்றைச் சொல்ல மற்றொன்றை மறைக்க வேண்டியிருக்கிறது.

நாவலில் போனுக்கு அடைக்கலம் தருபவள் தாயின் சகோதரி ரேலீன்; ஒருகாலத்தில் ஒரு பெண்ணைக் காதலித்தவள், ஆற்றங்கரையில் தனித்து வாழ்பவள். தாய் ஆனியோ கணவனோடு போய்விடுகிறாள். போகுமுன் மகளிடம் ஓர் உறையைத் தருகிறாள். உள்ளே இருக்கும் பிறப்புச் சான்றிதழின் அடிப்பகுதி வெறுமையாக இருக்கிறது. "இவளெல்லாம் ஒரு தாயா" என்ற கேள்வியோடு கோப்பை மூடிவிடும் என் துறையினர் அந்தப் பக்கத்தை ஒருமுறை படிக்க வேண்டும்.