உச்சியில் முடுக்கம் சுழியா? பிளஸ் ஒன் மாணவர்களும் பெற்றோரும் கவனிக்க வேண்டிய ஓர் அடிப்படைக் குழப்பம்

பிளஸ் ஒன் மாணவர்களுக்கு இயக்கவியல் அலகை நடத்தி முடித்தபின் நான் வைக்கும் சிறு தேர்வில் ஒரு கேள்வி ஆண்டுதோறும் இடம்பெறும். செங்குத்தாக மேலே எறியப்பட்ட ஒரு பொருள் தன் உச்சத்தை அடையும் கணத்தில் அதன் திசைவேகம் எவ்வளவு, முடுக்கம் எவ்வளவு என்பதுதான் அது. திசைவேகம் சுழி என்பதை ஏறக்குறைய எல்லோரும் சரியாக எழுதிவிடுகிறார்கள். முடுக்கத்துக்கும் பெரும்பாலோர் சுழி என்றே எழுதுகிறார்கள். இவர்களில் பலர் மூன்று இயக்கச் சமன்பாடுகளையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிசகாமல் ஒப்பிக்கக்கூடியவர்கள். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் காலையும் மாலையும் டியூஷன் போகிறவர்கள். எட்டாம் வகுப்பு முதலே நீட் தேர்வுக்கான அடித்தள வகுப்புகளில் உட்கார்ந்தவர்கள். ஆகவே இந்தத் தவறைப் படிப்பில் அக்கறையின்மை என்றோ கணக்கில் பலவீனம் என்றோ தள்ளிவிட முடியாது.

காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு வண்டி இந்தக் கணத்தில் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதை வண்டியின் மீட்டரைப் பார்த்தே சொல்லிவிடலாம். எந்தப் பக்கம் போகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால் திசைவேகம் கிடைத்துவிடும். முடுக்கத்தை அப்படி ஒரே பார்வையில் சொல்ல முடியாது. அதற்கு அடுத்தடுத்த இரண்டு கணங்களின் திசைவேகங்கள் வேண்டும். பிந்தியதிலிருந்து முந்தியதைத் திசையோடு சேர்த்துக் கழிக்க வேண்டும். அந்த வேறுபாட்டை இடைப்பட்ட காலத்தால் வகுக்க வேண்டும். இந்தக் கழித்தலைச் செய்யாமல், முடுக்கம் எவ்வளவு என்ற கேள்விக்கு வேகம் எவ்வளவோ அதையே விடையாகத் தருவதுதான் மாணவர்கள் செய்கிற பிழை. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டிரோபிரிட்ஜ், மெக்டெர்மட் என்ற இருவர் 1980, 1981-ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளில் இதே குழப்பத்தைக் கல்லூரி மாணவர்களிடமே கண்டார்கள். உருண்டோடும் இரண்டு பந்துகள் அருகருகே வந்த கணத்தில் அவற்றின் வேகமும் சமம் என்று சிலர் சொன்னார்கள். திசைவேக மாற்றத்தைக் காலத்தால் வகுத்து முடுக்கத்தை ஒப்பிடுவதில் பலர் தடுமாறினார்கள். நம் பிள்ளைகள் மட்டும் மந்தம் என்று நினைத்து மனம் தளர வேண்டியதில்லை.

வகுப்பில் நான் செய்வது இதுதான். ஒரு சாக்பீஸை எடுத்து மேலே எறிந்து பிடிப்பேன். பிறகு அதையே கணக்காக்குவேன். மேல்நோக்கிய திசையை நேர்க்குறி என்று வைத்துக்கொள்வோம். சாக்பீஸ் கையை விட்டபோது திசைவேகம் வினாடிக்கு +4.9 மீட்டர் என்றால், கால் வினாடியில் அது +2.45 ஆகும்; அரை வினாடியில் சுழி; முக்கால் வினாடியில் −2.45, ஒரு வினாடியில் −4.9 என்று கைக்குத் திரும்பிவிடும். காற்றின் தடையைக் கணக்கில் கொள்ளவில்லை. ஒவ்வொரு கால் வினாடிக்கும் திசைவேகம் 2.45 குறைந்துகொண்டே வருவதைப் பிள்ளைகளே பலகையில் எழுதுவார்கள். அப்போதும் உச்சிக் கணம் மட்டும் விலக்கு என்று ஒருவராவது வாதாடுவார்.

"மேல போயி ஒரு நொடி நிக்குதுல்லா சார், அப்பம் எல்லாமே சீரோதானே?"

"செரி மக்களே, அது நிக்கதுக்குக் கொஞ்சம் முன்னாடியும் பின்னாடியும் எவ்வளவுன்னு எழுது" என்பேன். 0.4-ஆவது வினாடியில் +0.98; 0.6-ஆவது வினாடியில் −0.98. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் −1.96, அதை 0.2-ஆல் வகுத்தால் −9.8. இடைவெளியை இன்னும் சுருக்கி 0.49, 0.51 என்று எடுத்தாலும் அதே −9.8 வருகிறது. உச்சிக் கணத்தை எவ்வளவு நெருங்கிப் போனாலும் விடை மாறாததைத் தன் கையாலேயே கழித்துப் பார்த்த மாணவர் பிறகு அந்தக் கேள்வியில் தவறுவது அரிது. உண்மையில் சாக்பீஸ் அங்கே எந்தக் கால அளவுக்கும் நிற்பதில்லை. மேல்நோக்கிய திசைவேகம் கீழ்நோக்கியதாக மாறும்போது சுழியைக் கடந்து போகிறது, அவ்வளவுதான். உச்சியில் முடுக்கமும் சுழியாக இருந்தால் திசைவேகம் அதன்பின் மாற வழியில்லாமல் சாக்பீஸ் அந்தரத்திலேயே தங்கிவிட வேண்டியிருக்கும் என்று சொன்னால் வகுப்பு சிரிக்கும்; சிரித்தவுடன் சிலருக்கு விளங்கிவிடும்.

(புவியின் ஈர்ப்பால் உண்டாகும் இந்த முடுக்கத்தைப் பாடநூலில் 9.8 மீ/வி² என்று, அதாவது ஒவ்வொரு வினாடிக்கும் திசைவேகம் வினாடிக்கு 9.8 மீட்டர் மாறுகிறது என்று எழுதுகிறோம். புவி துருவத்தைவிட நிலநடுக்கோட்டில் சற்றே பருத்திருப்பதாலும், சுழற்சியின் விளைவு அங்கே மிகுதி என்பதாலும், வட அகலாங்கு 8 பாகையில் இருக்கும் நம் குமரிக் கடற்கரையில் அதன் மதிப்பு ஏறத்தாழ 9.78. தேர்வில் இதை எழுத வேண்டாம்.)

திசைவேகம் சுழியாக இருக்கும்போது முடுக்கம் இருக்க முடியும் என்பதற்கு இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு ராக்கெட். இஸ்ரோவின் தலைவராக இருந்த கே. சிவனும், 2025 ஜனவரியில் அப்பொறுப்புக்கு வந்த வி. நாராயணனும் இதே மண்ணின் பள்ளிகளில் படித்தவர்கள் என்பதால் ஏவுதல் ஒளிபரப்பைப் பார்க்காத மாணவர் இங்கே குறைவு. ஏவுதளத்திலிருந்து ராக்கெட் கிளம்பும் அந்தத் தொடக்கக் கணத்தில் திசைவேகம் சுழி. ஆனால் உந்துவிசை எடையை விஞ்சிவிட்டதால் முடுக்கம் மேல்நோக்கி இருக்கிறது. அது இல்லையென்றால் ராக்கெட் கிளம்பவே கிளம்பாது. மேலும், எரிபொருள் தீரத்தீர நிறை குறைவதால், உந்துவிசை பெரிதாக மாறாவிட்டாலும் முடுக்கம் கூடிக்கொண்டே போகிறது.

அடுத்த சிக்கல் குறி பற்றியது. மதிப்பெண்ணைப் பொறுத்தவரை இதுவே அதிகம் வலிக்கும். முடுக்கத்துக்குக் கழித்தல் குறி வந்தால் வேகம் குறைகிறது என்ற எண்ணம் ஒன்பதாம் வகுப்பிலேயே மனத்தில் பதிந்துவிடுகிறது. ஒரே திசையில் போய் பிரேக் போடும் வண்டிக் கணக்குகளை மட்டுமே அங்கே செய்வதால் அது பொய்யாகவும் தெரிவதில்லை. நாகர்கோவில் வடசேரியிலிருந்து மார்த்தாண்டம் போகும் திசையை நேர்க்குறியாகக் கொள்வோம். மார்த்தாண்டத்திலிருந்து திரும்பி வரும் பேருந்து தக்கலை நிறுத்தத்தை நெருங்கும்போது அதன் திசைவேகம் வினாடிக்கு −12 மீட்டரிலிருந்து 4 வினாடிகளில் −4 மீட்டராக மாறுகிறது. கழித்தால், −4 இலிருந்து −12 போக மீதி +8. நான்கால் வகுத்தால் முடுக்கம் +2. வேகம் குறைகிறது, முடுக்கமோ நேர்க்குறி. கீழே விழும் சாக்பீஸுக்கு இதற்கு நேர்மாறு: முடுக்கம் −9.8, வேகமோ கூடுகிறது. திசைவேகமும் முடுக்கமும் ஒரே குறியில் இருந்தால் வேகம் கூடும், எதிரெதிர்க் குறியில் இருந்தால் குறையும். முடுக்கத்தின் குறியை மட்டும் தனியே பார்த்து எதையும் சொல்லிவிட முடியாது.

நின்றுகொண்டே பேருந்தில் போகிறவர்களின் உடம்புக்கு இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். நேரான சாலையில் பேருந்து சீராக ஓடும்போது, அது மணிக்கு 30 கிலோமீட்டரில் போனாலும் 60-இல் போனாலும், கம்பியைப் பிடிக்காமல் டிக்கெட்டுக்குச் சில்லறை எண்ண முடிகிறது. ஓட்டுநர் பிரேக்கை மிதித்தால் முன்னால் சாய்கிறோம். வளைவில் திருப்பினால் பக்கவாட்டில் சரிகிறோம். வேகம் எவ்வளவு என்பதை உடம்பு உணர்வதில்லை, வேகமோ திசையோ மாறுவதையே உணர்கிறது. புவியின் சுழற்சியால் குமரிமுனையில் நிற்கும் ஒருவர் வினாடிக்கு ஏறத்தாழ 460 மீட்டர் வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறார். அதனால் அவருக்கு உண்டாகும் முடுக்கம் 0.03 மீ/வி² என்ற அளவைச் சற்றே தாண்டுகிறது. எனவேதான் சூரிய உதயம் பார்க்க நிற்பவர் எதையும் உணராமல் நிற்கிறார்.

இதற்கு எதிர்முனையில் இருப்பது ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கத்துக் காற்றாலை. 40 மீட்டர் நீள இறக்கை நிமிடத்துக்கு 15 முறை சீராகச் சுழல்வதாகக் கொண்டால், தூரத்திலிருந்து பார்க்கும்போது சோம்பலாகச் சுற்றுவதாகத் தெரியும் அந்த இறக்கையின் நுனி வினாடிக்கு ஏறத்தாழ 63 மீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகம் மாறவில்லை; திசை மட்டுமே மாறுகிறது. அந்தத் திசை மாற்றத்தால் மட்டும் உண்டாகும் மையநோக்கு முடுக்கம் சுமார் 99 மீ/வி², அதாவது ஈர்ப்பு முடுக்கத்தைப்போல் பத்து மடங்கு. வேகம் மாறாவிட்டால் முடுக்கம் இல்லை என்று எழுதும் மாணவரிடம் நான் இந்தக் கணக்கைத்தான் கொடுப்பது வழக்கம்.

கையிலிருக்கும் செல்போனையும் பயன்படுத்தலாம். அதில் முடுக்கமானி உண்டு. ஜெர்மனியின் ஆஹன் நகரத்துப் பல்கலைக்கழகம் உருவாக்கி இலவசமாகத் தரும் ஃபைஃபாக்ஸ் என்ற செயலியில் அதன் அளவீட்டை வரைபடமாகவே பார்க்கலாம். பேருந்தில் உட்கார்ந்துகொண்டு போனை மடியில் அசையாமல் வைத்துப் பார்த்தால், நிறுத்தத்தை விட்டுக் கிளம்பும்போதும் நிற்கும்போதும் கோடு எழும். சீரான ஓட்டத்தில் சாலையின் குலுக்கல் மட்டுமே தெரியும். ஓர் எச்சரிக்கை: மேசைமேல் சும்மா வைத்த போன் 9.8 என்று காட்டும். மெத்தைமேல் தவற விட்டால் விழுகிற நேரத்தில் சுழிக்கு அருகில் காட்டும். போனைத் தாங்கி நிற்கும் விசையின் விளைவையே அந்தக் கருவி அளக்கிறது என்பதால் அப்படி. ஆகவே முதலில் ஈர்ப்பை நீக்கிக் காட்டும் அளவீட்டைத் தேர்ந்தெடுத்துத் தொடங்குவது நல்லது. இல்லாவிட்டால் ஒரு குழப்பத்தைத் தீர்க்கப்போய் இன்னொன்றை விலைக்கு வாங்கியதாகிவிடும்.

பெற்றோர் கவனிக்க வேண்டிய இடம் சாலை. பிரேக்கால் கிடைக்கும் எதிர் முடுக்கத்துக்கு ஓர் உச்ச அளவு உண்டு. டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வே அதைத் தீர்மானிக்கிறது. அதை 5 மீ/வி² என்று கொண்டால், மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் இருசக்கர வண்டி பிரேக் பிடித்தபின் ஏறத்தாழ 7 மீட்டரில் நிற்கும். 60-இல் வந்தால் 28 மீட்டர் வேண்டும். வேகம் இரட்டித்தால் தூரம் நான்கு மடங்கு. ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைப்பதற்குள் கழியும் ஒரு வினாடியில் ஓடிய தூரத்தையும் கூட்டினால் முறையே 15 மீட்டரும் 44 மீட்டரும் ஆகும். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெறுகிற மாவட்டம் இது; ஈரச் சாலையில் எதிர் முடுக்கம் பாதியாகக் குறைந்தால் அந்த 44 மீட்டர் 72 மீட்டராகிறது. வளைந்து வளைந்து போகும் நம் ஊர்ச் சாலைகளில் 72 மீட்டர் முன்னால் என்ன வருகிறது என்பது பல இடங்களில் கண்ணுக்கே தெரிவதில்லை. இதே கணக்கை விடைத்தாளில் சரியாகச் செய்யும் பிள்ளை, வேகம் இரட்டித்தால் தூரமும் இரண்டு மடங்குதானே என்ற மனக்கணக்கோடு வண்டி ஓட்டுகிறான். பிளஸ் ஒன் படிக்கும் வயதில் கியர் வண்டிக்கு உரிமம் கிடையாது என்பதையும், 2019-ஆம் ஆண்டு சட்டத் திருத்தத்தின்படி சிறார் வண்டி ஓட்டினால் பெற்றோருக்கோ வாகன உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

இனி வீட்டில் செய்யக்கூடியது. நீட் தேர்வில் இயற்பியலுக்கு 45 கேள்விகள். சரியான விடைக்கு நான்கு மதிப்பெண், தவறுக்கு ஒன்று கழியும். குறி மாறிய விடையும் தெரிவுகளில் ஒன்றாகவே பெரும்பாலும் இருக்கும் என்பதால், பிழை செய்த மாணவருக்குத் தான் பிழை செய்தது தெரியவே வராது. இயற்பியல் படிக்காத பெற்றோரும் பிள்ளையின் கணக்கு நோட்டைத் திறந்து ஒன்றைச் சரிபார்க்கலாம். ஒவ்வொரு கணக்கின் தலைப்பிலும் சமன்பாடு எழுதுவதற்கு முன்பாக ஓர் அம்புக்குறி போட்டு, இந்தத் திசை நேர்க்குறி என்று எழுதியிருக்கிறதா? எழுதாமல் நேரே எண்களைப் போட்டிருந்தால், மேலே எறிந்த பந்து, திரும்பி வரும் பேருந்து, கிணற்றில் விழும் கல் என்று மூன்று கணக்கை எடுத்து, விடை காண வேண்டாம், அம்புக்குறியையும் ஒவ்வொன்றிலும் திசைவேகம், முடுக்கம் இவற்றின் குறிகளையும் மட்டும் எழுது என்று சொல்லுங்கள். கால் மணி நேரத்தில் முடிகிற வேலை. எந்த இடத்தில் தடுமாறுகிறார் என்பது அந்தப் பக்கத்திலேயே தெரிந்துவிடும், அதைக் கொண்டுபோய் அவருடைய ஆசிரியரிடம் காட்டலாம்.